பத்துச் சக்கரப் பாத்திரம்: லாரி கழுவுவது எப்படி இயங்குகிறது?

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்த சட்டி தொட்டியில் கிடக்கிறது. மேலே எண்ணெய் ஏடாகப் படிந்திருக்கிறது. அடியில் மசாலா பிடித்திருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் கறை, வெளிப்பக்கம் அடுப்புக்கரி. சட்டி ஒன்றுதான், அழுக்கு நாலு வகை. எண்ணெய்க்குச் சோப்பு, அடிப்பிடித்ததற்கு ஊறல், கரிக்குச் சாம்பலும் தேங்காய் நாரும் என்று கை தானாகப் பிரித்துக்கொண்டு போகும். மஞ்சள் கறையை வெயில் பார்த்துக்கொள்ளும். இதை யாரும் யாருக்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

திருமங்கலம் பைபாஸ் ஓரம் வாட்டர் சர்வீஸில் வந்து நிற்கிற லாரியும் ஒரு சட்டிதான். பத்துச் சக்கரம் வைத்த சட்டி. 2018இல் எடை வரம்பை உயர்த்திய பிறகு, சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போக அனுமதி உள்ள மூன்று அச்சு வண்டி. அதில் என்னென்ன அழுக்கு, எதை எதனால் எடுப்பது, எங்கே தண்ணீரே படக்கூடாது என்பதையெல்லாம் சமையலறையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ஓர் இடத்தில் மட்டும் சமையலறைக் கணக்கு தலைகீழாகும்.

மதுரைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற இந்த ஊருக்கு அழுக்கு நாலா பக்கமிருந்தும் வருகிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44 இந்த வழியாகத்தான் போகிறது. பழைய ஆட்கள் இன்னும் அதை ‘செவன்’ என்றுதான் சொல்வார்கள். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற 744, அதாவது பழைய 208, இங்கேதான் பிரிகிறது. வடக்கே கப்பலூரில் மதுரை ரிங் ரோடு வந்து சேர்கிறது. ஆக, கேரள மழையில் நனைந்த வண்டி ஒரு பக்கம். விருதுநகருக்குத் தெற்கே ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலைப் பக்கமிருந்து சாம்பல் பூசி வருகிற வண்டி இன்னொரு பக்கம். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி, அருப்புக்கோட்டை வழியாக வந்து ரிங் ரோட்டைப் பிடிக்கிற வண்டியும் உண்டு. இவை போதாதென்று ஊரைச் சுற்றிக் கள்ளிக்குடி, டி. கல்லுப்பட்டி வரை கரிசல் மண். ஒரு மழை பெய்து, வண்டி ரோட்டை விட்டு ஓரம் இறங்கினால் போதும், மட்கார்டு முழுக்க அப்பிக்கொள்ளும்.

இத்தனைக்கும் அடியில் எல்லா லாரிக்கும் பொதுவான ஒரு அழுக்கு உண்டு. உங்கள் வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். தாளிக்கும்போது எழுகிற எண்ணெய் ஆவி இறக்கைகளில் படியும், அதில் தூசி ஒட்டும், அதன்மேல் மறுபடி எண்ணெய். லாரியின் சேஸிஸில் நடப்பதும் இதேதான். டீசல் கசிவு, கியர் பாக்ஸ் ஆயில், கிரீஸ், டயர் கிளப்பும் புழுதி எல்லாம் அடுக்கடுக்காக ஏறிக் கறுத்த தோலாகிவிடுகின்றன. இதைத் தண்ணீர் மட்டும் ஊற்றி எடுக்க முடியாது. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று அண்ட விடாது. சோப்பின் மூலக்கூறு மட்டும்தான் ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்த் துளியைச் சுற்றிலும் இப்படி ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்றபின் அந்தத் துளி தண்ணீரோடு போய்விடுகிறது. பாத்திரம் துலக்கும் பச்சை வில்லைக்கும் லாரிக்கு அடிக்கிற நுரை ஷாம்புவுக்கும் வேலை ஒன்றே.

சோப்பு முழுக்கதையும் இல்லை. ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதிப் பொறியாளர் 1959இல் கழுவும் வேலையை நாலாகப் பிரித்துக் காட்டினார்: ரசாயனம், சூடு, தேய்ப்பு, நேரம். நாலும் சேர்ந்து ஒரு முழு வட்டம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். நம் அடுக்களையில் இது அன்றாடம் நடக்கிறது. அடிப்பிடித்த சட்டியை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் ஒரு தேய்ப்பில் வந்துவிடும். அங்கே நேரத்தைக் கொடுத்துத் தேய்ப்பை மிச்சம் பிடிக்கிறோம். விருந்தாளி வாசலில் நிற்கிறார், அதே சட்டி உடனே வேண்டும் என்றால் வெந்நீர், கூடுதல் சோப்பு, கம்பி நார், தோள் வலி.

லாரி ஓட்டுநர் எப்போதும் விருந்தாளி வாசலில் நிற்கிற நிலையில்தான் இருக்கிறார். அவரிடம் வெந்நீர் கிடையாது. நேரமோ அவருடையதே அல்ல, சரக்குக்காரருடையது. நாலில் இரண்டு கையை விட்டுப் போயாயிற்று. மீதி இரண்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற வேண்டும். வாட்டர் சர்வீஸ் என்ற ஏற்பாடு முழுவதும் இந்தக் குறையை ஈடுகட்ட வந்ததுதான். தேய்ப்பை எந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த எந்திரத்தின் பலத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாடித் தொட்டி 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடுக்களைக் குழாயில் தண்ணீரின் அழுத்தம் அரை பார். குழாயில் ஏற்படும் இழப்பை விட்டுவிட்டால் தண்ணீர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வரும். சாதாரண சர்வீஸ் ஷெட்டில் மூன்று பிளஞ்சர் வைத்த பம்பு சுமார் 35 பார் கொடுக்கும். அழுத்தம் 70 மடங்கு. வேகம் அந்த அளவுக்கு ஏறாது, அழுத்தத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். ஆனாலும் மணிக்கு 300 கிலோமீட்டர் வந்துவிடும். நாசிலை விட்டுப் புறப்படும் கணத்தில் அந்தத் தண்ணீர் நாலுவழிச்சாலையில் ஓடும் எந்த வண்டியையும் விட வேகமாகப் போகிறது. ஒவ்வொரு லிட்டரும் குழாய்த் தண்ணீரைப் போல 70 மடங்கு ஆற்றலைச் சுமந்து வந்து மோதுகிறது. கம்பி நாரும் தோள்பட்டையும் செய்கிற வேலையை இந்த மோதல் செய்கிறது.

இப்போது தலைகீழாகிற இடம். பாத்திரம் துலக்குகிறபோது முதலில் டம்ளர், பிறகு தட்டு, கடைசியில்தான் கடாய். நாரும் சோப்பும் பொது என்பதால், கடாயில் தொடங்கினால் அந்தப் பிசுக்கு டம்ளருக்கு வந்துவிடும். லாரியில் கடாய்தான் முதலில். வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, அடிப்பக்கம், சக்கரம், ஸ்பிரிங் பட்டை, பின் அச்சின் கிரவுன் எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகே பாடி, கடைசியில் கேபின். காரணம், 35 பார் தண்ணீர் எங்கே பட்டாலும் சேறு நாலு பக்கமும் தெறிக்கும். கேபினை முதலில் மினுக்கிவிட்டால் அடிச்சேறு மறுபடி அதன் முகத்தில் வந்து விழும். அனுபவமுள்ள பையன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து எல்லா இடத்தையும் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, “அண்ணே, ஒரு டீ சாப்பிட்டு வாங்க” என்பான். உபசாரமாகத் தோன்றும். உண்மையில் சின்னரின் நாலாவது அம்சத்தை, அந்தக் கால் மணி நேரத்தை, ஓட்டுநரிடமிருந்து சாமர்த்தியமாக வாங்கிக்கொள்கிறான்.

கரிசலுக்கு அந்தக் கால் மணி நேரம் அவசியம். கரிசல் களிமண்ணின் துகள் உருண்டையாக இராது. நுண்ணிய தகடுகளாக இருக்கும். அந்தத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துகொண்டு மண்ணை உப்ப வைக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் அந்த நிலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுவதற்கும், மழையில் செருப்பைக் கழற்றிக்கொள்கிற அளவுக்கு ஒட்டுவதற்கும் இதுதான் காரணம். கேழ்வரகுக் களி கிண்டிய சட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? களி பசையாகிக் கையில் ஒட்டும். நிறைய விட்டு ஊறவைத்தால் தோல் உரிவதைப் போல வரும். கரிசலும் அப்படித்தான். வாளித் தண்ணீரும் துணியுமாகப் போராடுகிறவர் அதைப் பூசுகிறாரே தவிர எடுப்பதில்லை. தவிர, பெயிண்டின் மேல் மண்ணோடு துணியை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும் சேற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதற்குள் கல் இருக்கலாம். ஓடும்போது இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அது அறுக்கும், கழன்று தெறித்தால் பின்னால் வருகிறவரின் கண்ணாடியைப் பதம் பார்க்கும். கம்பியால் டயரைத் தட்டிக் காற்று பார்க்கிற கிளீனர், அதே சுற்றில் அந்த இடுக்கிலும் கம்பியை விட்டுக் கிண்டுவது அதனால்தான்.

சிமெண்ட் இதற்கு நேர் எதிர். அதன்மேல் தண்ணீர் பட்டாலே இறுக ஆரம்பித்துவிடும். மேடையில் மைதா சிந்தினால் ஈரத்துணியை எடுக்கிறவர் மாட்டிக்கொள்வார். காய்ந்த துணியால் கூட்டி அள்ளிவிட்டுத்தான் ஈரம். சிமெண்ட் மூட்டை இறக்கிய பாடியை முதலில் விளக்குமாற்றால் மூலைமுடுக்கெல்லாம் பெருக்க வேண்டும், காற்றடித்தால் இன்னும் நல்லது. பெருக்காமல் தண்ணீர் அடித்துவிட்டால் அடுத்த நாள் பலகை இடுக்கில் கல் முளைத்திருக்கும். பிறகு ஆசிட்டைத் தேடுவார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. குரோம் பூச்சு, அலுமினியம், துத்தநாகப் பூச்சு எல்லாவற்றையும் அதே பசியோடு தின்னும், கழுவுகிற பையனின் மூச்சுக்குழாயையும் விடாது. சோம்பலுக்குக் கொடுக்கிற விலையாக எனக்குப் படுகிறது. பத்து நிமிஷம் பெருக்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அடுக்களையில் கெட்டியான ஆட்டுக் கொழுப்பு வெந்நீர் பட்டதும் இளகிவிடும். லாரியின் ஹப்பில் போடுகிற லித்தியம் கிரீஸ் இளகாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. 180 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகிச் சொட்டும். கொதிக்கிற தண்ணீரே அதைத் தொட முடியாது. அதனால்தான் பட்டறையில் கிரீஸ் அப்பிய இடத்தில் முதலில் டீசலைத் தடவிவிட்டுப் பிறகு சோப்பு போடுகிறார்கள். பலாப்பழம் உரித்த கையில் ஒட்டிய பிசினைத் தேங்காய் எண்ணெய் தடவி எடுப்பீர்களே, அதே சூத்திரம். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும்.

தூத்துக்குடி உப்பு வண்டிகளின் கதை சங்கடமானது, ஏனென்றால் அங்கே அழுக்கே கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து அடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சேஸிஸ் இடுக்கில் தங்கிய உப்பும் அதைத்தான் செய்கிறது. பகல் முழுக்க வெயிலில் காய்ந்து கிடந்தாலும், ராத்திரிப் பனி இறங்கியதும் தானே நனைந்து, இரும்பின்மேல் மெல்லிய உப்புக் கரைசலாகப் பரவும். துரு ஏறுவதற்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. மழையில் நனையாத வண்டியும் துருப்பிடிக்கும் மர்மம் இதுதான். உரம் ஏற்றும் வண்டிகளுக்கும் இதே தலைவலி. பொட்டாஷ் உரத்தில் இருப்பதும் ஒரு குளோரைடு உப்புதான். உப்புக்குச் சோப்பு வேண்டாம், தேய்ப்பு வேண்டாம். நல்ல தண்ணீரை இடுக்குகளில் தாராளமாக விட்டால் கரைந்து போய்விடும்.

நல்ல தண்ணீர். சொல்லிவிட்டோம், எங்கே போவது? கரிசல் பூமியில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று இங்கே வாக்கப்பட்டு வந்த மருமகள்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பருப்பை வேகவிடாத அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் சோப்பையும் நுரைக்க விடாமல் திரிய வைக்கின்றன. வெள்ளைத் திரியாக மிதப்பது அழுக்கு அல்ல, வீணாய்ப் போன சோப்பு. செயற்கை டிடர்ஜெண்டில் செய்த ஷாம்பு இந்தத் தண்ணீரிலும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் கழுவி முடித்து வெயிலில் நிறுத்தினால், வெந்நீர் போடும் பாத்திரத்தின் உள்ளே படிகிற அதே வெள்ளை ஏடு கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாக நிற்கும். அதனால் கண்ணாடியையும் பிரதிபலிப்புப் பட்டையையும் காய விடாமல் உடனே துடைத்துவிட வேண்டும்.

அந்தப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டியிருக்கிறார்களே, அது தானாக ஒளிர்வதில்லை, பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று வெளிச்சம் அழுக்கை இரண்டு தடவை கடக்க வேண்டும். அழுக்கு பாதியை மட்டும் விட்டால் கடைசியில் கால் பங்குதான் மிஞ்சும். ராத்திரி ரோட்டோரம் லைட்டில்லாமல் நிற்கிற லாரிக்கு அந்தக் கால் பங்கு போதாது. வண்டியில் ஒரே ஓர் இடத்தைத்தான் துடைக்க நேரமிருக்கிறது என்றால் நான் அதைத்தான் சொல்வேன். முன் கண்ணாடியை யாரும் சொல்லாமலே துடைத்துவிடுவார்கள்.

முன் கண்ணாடியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கூட்டத்துக்குள் புகுந்து வந்த வண்டியின் கண்ணாடியைப் பார்க்கச் சகிக்காது. அது புரதம். முட்டை அடித்த கிண்ணத்தை வெந்நீரில் போட்டால் முட்டை வெந்து ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். பூச்சிக்கும் பச்சைத் தண்ணீரும் ஊறலும்தான். நனைத்த செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டவிட்டுக் கொஞ்சம் பொறுத்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். வைப்பரை வறட்சியாகப் போட்டால் பூச்சி மெழுகிய மாதிரிப் பரவும், புழுதி கீறலும் போடும்.

புதிய வண்டிகளில் இன்னொரு வெள்ளை வந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு பெரும்பாலான கனரக டீசல் வண்டிகளுக்கு டீசல் டேங்கோடு, புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூவுக்கு ஒரு டேங்கும் சேர்ந்துகொண்டது. ஓட்டுநர்கள் அதை ‘யூரியா’ என்பார்கள், 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான தண்ணீர். சர்பத் பாட்டில் மூடியைச் சுற்றிச் சர்க்கரை பூப்பதைப் போல இந்த மூடியைச் சுற்றியும் வெள்ளையாகப் பூக்கும். துடைக்காமல் திறந்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே விழும், அந்த அமைப்பு பொடிப் புழுதியைக்கூடத் தாங்காது. திறப்பதற்கு முன் ஒரு ஈரத்துணி போதும், செலவு பூஜ்யம்.

எங்கே தண்ணீர் படக்கூடாது என்ற பட்டியல், எங்கே படவேண்டும் என்பதைவிட முக்கியம். நாலுவழிச்சாலையிலிருந்து நேராக உள்ளே வந்த வண்டியின் டர்போவும் எக்ஸாஸ்டும் கொதித்துக்கொண்டிருக்கும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கலாம், தினமும் தெளிக்கிறோம். ஒரு சொம்பைக் கவிழ்த்தால் வார்ப்பிரும்புக் கல் விரிசல் விட்டுவிடும். பிரேக் டிரம்மும் வார்ப்பிரும்புதான். ஆரியங்காவு கணவாயைத் தாண்டி மலை இறங்கிய கையோடு செங்கோட்டையில் ஓரம் கட்டிச் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கும். ஆறட்டும்.

ஏர் ஃபில்டரிலும் ரேடியேட்டரிலும் திசைதான் எல்லாம். டீ வடிகட்டியில் தூள் அடைத்தால் அதைக் கவிழ்த்துப் பின்பக்கமிருந்துதான் தண்ணீர் விடுவோம். முன்பக்கமிருந்து விட்டால் தூள் கண்ணுக்குள் இன்னும் இறுகும். ரேடியேட்டருக்குத் தண்ணீரும், ஃபில்டருக்குக் குறைந்த அழுத்தக் காற்றும், அழுக்கு வந்த திசைக்கு எதிர்த் திசையில்தான் போக வேண்டும். ரேடியேட்டர் தகடுகள் நகத்தால் அழுத்தினாலே மடங்குகிறவை. அங்கே 35 பாரைக் கிட்டத்தில் பிடித்தால் அடைப்பை எடுக்கப் போய் நிரந்தரமாக அடைத்துவிட்டு வருவோம். ஹப் சீல், வயர் சாக்கெட், பேட்டரி முனை ஆகியவற்றுக்கும் நாசிலைத் தள்ளியே பிடிக்க வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டரில் வருகிற தண்ணீருக்கு ரப்பர் சீலின் உதடு ஒரு தடையே இல்லை. உள்ளே போன தண்ணீர் கிரீஸைப் பாலாக்கிவிடும், பேரிங் சத்தம் அடுத்த மாதம் கேட்கும்.

கழுவி முடித்ததும் ஷெட்டில் எழுகிற கேள்வி ஒன்று உண்டு.

“அண்ணே, அடியில ஆயில் அடிச்சிரவா?”

இரும்புச் சட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைப்பது நம் வீட்டு வழக்கம், துருப்பிடிக்காது. பழைய என்ஜின் ஆயிலை சேஸிஸ் முழுக்கத் தெளிக்கும் பழக்கம் அதே யோசனையில் பிறந்தது. உப்பு வண்டிக்கு அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் சட்டியில் ரப்பர் கிடையாது. ஸ்பிரிங் பட்டைக் கண் புஷ், என்ஜின் மவுண்டிங், ஹோஸ் என்று லாரியின் அடியில் எங்கு பார்த்தாலும் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் ஊறினால் இயற்கை ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். எண்ணெய் பூசிய இரும்பு, அடுத்த கல்குவாரியில் புழுதியை வரவேற்று எக்ஸாஸ்ட் ஃபேன் கதையை முதலிலிருந்து தொடங்கும். விவரமான ஓட்டுநர், “வேணாம் தம்பி, கிரீஸ் கன்னை எடு” என்பார். கிங் பின், ஷாக்கிள் பின், கிராஸ் ஜாயிண்ட் நிப்பிள்களில் புது கிரீஸ் ஏற ஏற, உள்ளே புகுந்த தண்ணீரும் பழைய அழுக்கும் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும். பிதுங்கியதைத் துடைத்தால் வேலை முடிந்தது.

சமையலறை உவமையே தேவைப்படாத ஒரு வண்டியும் இந்த ரோட்டில் ஓடுகிறது: பால் டேங்கர். அது ஓடுகிற பால் சட்டியேதான். அதன் உள்பக்கத்தை ஆள் இறங்கிக் கழுவுவதில்லை, டேங்குக்குள்ளே இருக்கும் தெளிப்பு உருண்டை வழியாகக் கழுவுநீர் சுவர் முழுக்கப் பாய்கிறது. முதலில் சூடில்லாத தண்ணீர். வெந்நீரில் தொடங்கினால் பால் புரதம் சுவரில் வெந்து ஒட்டிவிடும். அடுத்து 70, 80 டிகிரிச் சூட்டில் ஒரு சதவீதம் போலக் காஸ்டிக் சோடா கலந்த கரைசல், கொழுப்புக்கும் புரதத்துக்கும். பிறகு தண்ணீர். பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலம். பால் காய்ச்சும் பாத்திரத்தில் எத்தனை தேய்த்தாலும் போகாத ஒரு வெண்வளையம் இருக்குமே, கால்சியம் பாஸ்பேட் படிவு, அதைக் கரைக்க. மறுபடி தண்ணீர், கிருமிநீக்கம். சின்னரின் நாலும் அளவோடும் கடிகாரத்தோடும் கிடைக்கிற ஒரே வண்டி இதுதான். ஏன் இதற்கு மட்டும் கிடைக்கிறது? கழுவாவிட்டால் சரக்கு கெடும் என்பதால். இரும்பும் ரப்பரும் கெட்டால் தெரிய மாதங்கள் ஆகும். பால் கெட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் இந்த யோசனையை மற்ற வண்டிகளுக்கும் நீட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் டேங்கர் கழுவும் நிலையங்கள், முன்னால் என்ன சரக்கு இருந்தது, எப்படிக் கழுவினோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட சான்று தருகின்றன. அதைக் காட்டித்தான் அடுத்த சரக்கை ஏற்ற முடியும். அமெரிக்காவில் 1973இல் கான்சாஸ் மாநிலத்தின் சலைனா ஊரில் தொடங்கிய ‘புளூ பீக்கன்’ நெடுஞ்சாலை ஓரமெங்கும் லாரி கழுவும் கிளைகளை வைத்திருக்கிறது. உணவு ஏற்றும் வண்டிகளின் சுத்தத்துக்கு 2016இல் அங்கே தனி விதியே போட்டார்கள். இங்கே உர மூட்டை இறக்கிய பாடியில் அடுத்த லோடாக அரிசி ஏறலாம். நடுவில் நடக்கும் கழுவலை முடிவு செய்கிறவர் அந்த ஓட்டுநர் மட்டுமே, அதுவும் அவருக்கு நேரம் கிடைத்தால். ஷாம்புவுக்குக் கணக்கு எழுதித் தருகிற முதலாளிகள் உண்டு. கழுவுகிற ஒரு மணி நேரத்துக்குக் கணக்கு எழுதித் தருகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதனால்தான் நிஜமான சுத்தம் காத்திருப்பில் நடக்கிறது. லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது, கோடவுன் திறக்கும் வரை, கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வாசலில் ஆள் வரும் வரை. கேபினுக்குள் செருப்போடு ஏறாத பழக்கம் நம் ஓட்டுநர்கள் பலரிடம் உண்டு. கால் வைக்கிற இடமே படுக்கிற இடமும் சாப்பிடுகிற இடமும் ஆகிவிடுவதால் அது வெறும் பக்தி அல்ல. பாடியின் பக்கவாட்டுப் பெட்டியில் ஸ்டவ், அரிசி, இரண்டு பாத்திரம், அதன் பக்கத்தில் தண்ணீர்க் கேன். அந்தக் கேன் தண்ணீர்தான் சோற்றுக்கும், பாத்திரத்துக்கும், முகத்துக்கும், முன் கண்ணாடிக்கும். எண்ணெய் நிறுவனங்கள் சில பெட்ரோல் பங்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, குளியலறை, சமைத்துக்கொள்ள இடம் எல்லாம் கட்டியிருக்கின்றன. அங்கே குளித்துவிட்டு, கேனை நிரப்பிக்கொள்ள முடிந்தால் கண்ணாடிக்குக் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் கிடைக்கும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? ஒழுங்கான ஷெட்டில் மூன்று அறைத் தொட்டி இருக்கும். முதல் அறையில் மண் கீழே தங்கும், அடுத்ததில் எண்ணெய் மேலே மிதக்கும், நடுவிலிருந்து தெளிவு மட்டும் அடுத்த அறைக்குப் போகும். புளியைக் கரைத்து வைத்து மண்டியை விட்டுவிட்டு மேலாக இறுத்தெடுக்கிற அதே வேலை. ஆனால் ஷாம்பு எண்ணெயைப் பொடித் துளிகளாக்கித் தண்ணீரோடு கட்டிப்போட்டிருப்பதால், பிரிவதற்கு அந்தத் தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். இங்கேயும் நேரம்தான் பற்றாக்குறை. அடுத்த லாரி வந்து நின்று பம்பைப் போட்டதும் தொட்டி கலங்கி, எண்ணெயும் சேர்ந்து சாக்கடைக்குப் போகும். ஊர்ச் சாக்கடை கடைசியில் குண்டாற்றைத்தான் தேடும். மழை இல்லாத மாதங்களில் அங்கே ஓடுகிற தண்ணீர் ஏது, யாருடையது என்று கேட்டுப் பார்க்கலாம்.

வண்டி சாய்தளத்தை விட்டு இறங்கியதும் நேராக நாலுவழிச்சாலையில் ஏறக்கூடாது. டிரம்முக்குள் லைனிங் நனைந்திருக்கும். முதல் சில மிதிகளுக்கு பிரேக் பிடிப்பதைப் போல இருந்து வழுக்கும். சர்வீஸ் ரோட்டில் மெதுவாக உருட்டி, லேசாக மிதித்து மிதித்து, சூட்டிலேயே அதைக் காயவைக்க வேண்டும். ஏர் டேங்கின் வடிகால் வால்வையும் இழுத்துவிட்டால் உள்ளே சேர்ந்த தண்ணீர் சீறிக்கொண்டு போய்விடும்.

பிறகு 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, தரை உலர்ந்த இடமாகப் பார்த்து நிறுத்தி அடியில் குனிந்து பார்ப்பவர்தான் கழுவிய காசை முழுசாக வசூலிக்கிறவர். பழைய பிசுக்கு இருந்தவரை எல்லாமே கறுப்பு, எது கசிவு, எது அழுக்கு என்று தெரியாது. இப்போது சுத்தமான இரும்பில் புதிதாக ஓடிய ஈரக் கோடு பளிச்சென்று தெரியும். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருந்தால் மெல்லிய துருக்கோடாக நிற்கும். சக்கரத்தின் உள்பக்கம் ஹப்பிலிருந்து கீழே இறங்கும் எண்ணெய்க் கோடு தெரிந்தால் சீல் போயிருக்கிறது, ஆயில் லைனிங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை 744இல் திருப்பிச் செங்கோட்டை மலைக்கு விடக்கூடாது. சக்கரத்தைக் கழற்றி சீலை மாற்றிய பிறகுதான்.